ஆர்லிஸ் பெயருக்கான கட்டம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வரிப் படிவத்தில் காலியாகக் கிடந்த கட்டத்திலிருந்து. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கணக்காளர் நோரீனின் அலுவலகத்தில் பதினோரு மார்ச் மாதங்களைக் கழித்தவனுக்கு வேறு எங்கிருந்து கதை வரும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏரிப் பனி விரிசல் விட்ட மாலையில் டெல்மர் தன் வாழ்க்கையை...'

வேண்டாம். டெல்மர் வாழ்க்கையை யோசிக்கிற ஆள் இல்லை. படகு மோட்டார் பழுது பார்ப்பவன். கம்பெனி லாபத்துக்கு ஒரு வரி, அது வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வரி என்று இரண்டு தடவை அழாமல், உரிமையாளர் கணக்கில் ஒரே தடவை கட்டுகிற 'எஸ் கார்ப்பரேஷன்' ஏற்பாட்டுக்கு மாற ஆசைப்பட்டான். மார்ச் பதினைந்துக்குள் படிவம் போக வேண்டும்.

2

"இது உன் கையெழுத்தா?" என்றார் நோரீன்.

"ஆர்லிஸ் டிசம்பர்லயே போட்டு வெச்சா. எல்லாத்துலயும் என் பேரை அவதான போடுவா? என் கையெல்லாம் கிரீஸு."

"நல்லா இருக்கே! உன் பேரை நீ போடணும். அவ பேரை அவ போடணும்."

"அவளுக்கு என்ன? கடை என்னோடது."

"கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச கடை. இந்த மாநிலச் சட்டப்படி பாதி அவளோடது. அவ சம்மதம் இல்லேன்னா இது வெறும் காகிதம்."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என் கடையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று ஜனவரியில் மனைவி ஆர்லிஸிடம் கத்தியது இதே வாய்தான். அவள் மெரில் ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு வாரம் ஆகிறது.

(இங்கே எனக்கொரு சந்தேகம்: இருபத்தாறு வருடம் அவன் பெயரையே எழுதியவள், ஒரு பேச்சுக்காகவா போவாள்? நோரீனிடம் கேட்டேன். "நானா இருந்தா பத்தாவது வருஷமே போயிருப்பேன்" என்றார். பாத்திரம் அப்படியே இருக்கட்டும்.)

3

முடிவு அ: அவள் பெயரை டெல்மரே போட்டுவிடுகிறான். [அடித்துவிட்டேன். மடத்தனம் செய்வான், திருட்டுத்தனம் செய்யமாட்டான். இவன் மேல் எனக்குப் பிரியம்.]

முடிவு ஆ: ஆர்லிஸ் ஓடோடி வந்து... [யார் நம்புவார்கள்?]

நடந்தது வேறு. போய்க் கேட்க வெட்கப்பட்டே நாளைக் கடத்தினான். கெடு தாண்டிவிட்டது.

"தாமதத்துக்கு நியாயமான காரணம் எழுது, ஏத்துக்குவாங்க. கதை மட்டும் விடாதே" என்றார் நோரீன்.

4

வெள்ளிக்கிழமை. மெரிலில் ஓர் உணவகம். வெள்ளிதோறும் போல மீன் வறுவல் சாப்பிட வந்த கூட்டத்துக்கு நடுவே டெல்மர் படிவத்தை மனைவி முன் வைத்தான்.

"கையெழுத்துக்குத்தான் வந்தியா?"

"ஆமா. இல்ல. படிச்சுப் பாரேன்."

காரணம் எழுதும் இடத்தில் இருந்தது: 'கடையில் பாதி என் மனைவியுடையது. இருபத்தாறு வருடம் எனக்கு அது தெரியவில்லை. அவளை எதுவும் கேட்டதில்லை. தப்பு என்னுடையது.' கீழே அவனே போட்ட கையெழுத்து.

"என்னய்யா இது, கோழி கிளறுன மாதிரி!"

"பழக்கமில்லல்ல."

ஆர்லிஸ் சிரித்தாள், கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்தாள். பழக்கத்தில் கை அவன் பெயரின் முதல் எழுத்துக்குத்தான் வளைந்தது. காகிதத்தைத் தொடுமுன் நின்றது.

"நான் சம்மதிக்கலேன்னா?"

"அப்பவும் பாதி உன்னோடதுதான்."

5

இதற்கு மேல் நான் எழுதக்கூடாது. அந்தக் கட்டத்தில் அவளுக்காக வேறு யார் எழுதினாலும் செல்லாது. நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். பேனா அவள் கையில் இருக்கிறது.