எலும்பாகப் படுத்த டீக்கன்

பக்கத்துக் காரின் டிக்கி திறந்தபோது வெர்லின் தன் டிக்கியில் செய்து வைத்த மீனுக்குப் பல் ஒட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில், டென்னசி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த பாப்டிஸ்ட் சபையில் அக்டோபர் முப்பத்தொன்றின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கு ஹாலோவீன், இவர்களுக்கு ‘அறுப்பு விழா’. அறுக்க யாரிடமும் வயல் இல்லை என்பது வேறு விஷயம். பிள்ளைகள் பிசாசு வேஷம் கட்டி வீடு வீடாகத் திரிந்து கெட்டுப்போகாமலிருக்க, சபை வாசலில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கிக்குள் வேதாகமக் காட்சி ஜோடித்து மிட்டாய் கொடுப்பார்கள். பேய் கூடாது, சூனியக்காரி கூடாது, ரத்தம் கூடாது. சிறந்த டிக்கிக்கு நீல ரிப்பன். மூன்று வருஷமாக அது, யோனா தீர்க்கதரிசியை விழுங்கிய வெர்லினின் மீனுக்குத்தான். ஆவென்று பிளந்த வாய், உள்ளே சிவப்பு விளக்கு, நாக்கின்மேல் மிட்டாய்க் கூடை. சபையில் தனக்கிருந்த டீக்கன் பதவியைவிட அந்த ரிப்பன்கள்மேல் பிரியம் அதிகம் என்பதை அவர் ஜெபத்தில்கூட ஒப்புக்கொண்டதில்லை.

பக்கத்து டிக்கி கோல்பியுடையது. வசந்தத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தவன். அதற்கு முன்பு, டிக்கெட் வாங்கி உள்ளே போய் அலறுகிற பேய் மாளிகை ஒன்றில் பிணம் செய்து கொடுக்கும் வேலை. பழகின கை சும்மா இருக்குமா? டிக்கியிலிருந்து தரைவரைக்கும் எலும்பு வழிந்தது. ஒரு கயிற்றை இழுத்தால் கடகடவென்று எலும்போடு எலும்பு சேர்ந்து எழுந்து உட்கார்ந்தது. மீன் வாலுக்குச் செதில் ஒட்ட வந்திருந்த வெர்லினின் எட்டு வயது மகள் டெஸ்ஸா, பசையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

“அப்பா, இது அசையுதுப்பா!”

மூன்று வருஷத்தில் மீனைப்பற்றி அவள் சொன்னது, “பல்லு கோணலா இருக்குப்பா” என்பது மட்டும். வெர்லினுக்கு, பொறாமையில் தம்பியைக் கொன்ற காயீன் பக்கத்திலும் ஏதோ நியாயம் இருந்திருக்க வேண்டும் என்று முதன்முறையாகத் தோன்றியது. நேரே பாஸ்டர் ராண்டலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“எலும்புக்கூடு, பாஸ்டர். சபை வாசல்லயே.”

“எசேக்கியேல் தீர்க்கதரிசி பாத்த பள்ளத்தாக்கு பாஸ்டர் இது,” என்றான் கோல்பி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு. “காத்து வந்து வீசினதும் காஞ்ச எலும்பெல்லாம் உசிர் வந்து எந்திரிக்குமே.”

பாஸ்டர் யோசித்தார். “வேதத்துல இருக்கே, பிரதர் வெர்லின்.”

“கண்ணுக்குள்ள லைட்டு எரியுதே, அதுவும் இருக்கா?”

“மீன் வயித்துல மட்டும் கரண்ட் கனெக்‌ஷன் இருந்துச்சா?” என்ற பாஸ்டர், தாடையைச் சொறிந்தார். “ஆனா பெத்தவங்க முணுமுணுப்பாங்க. ஒண்ணு செய்வோம். ஒரு டீக்கனும் இதுல இருந்துட்டா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீங்களே இருங்களேன்.”

“ஸ்தோத்திரம்!” கோல்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “கடைசில நிஜமாவே எந்திரிச்சு நிக்க ஒரு ஆள் குடு ஆண்டவரேன்னு ஒரு வாரமா ஜெபம் பண்றேன் பிரதர்.”

இன்னொருத்தன் ஜெபத்துக்குப் பதிலாகிவிட்ட பிறகு டீக்கன் எப்படி மாட்டேன் என்பது? வெர்லின் போய்ப் படுத்தார். கோல்பி அவர்மேல் பக்குவமாக எலும்பு அடுக்கினான். அடியில் கிடக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது: எழுந்திருக்காவிட்டால்? ஆள் எழாவிட்டால் இது பள்ளத்தாக்கு இல்லை, வெறும் எலும்புக் குப்பை. குப்பைக்கு யார் ரிப்பன் தருவார்கள்? சும்மா படுத்துக் கிடப்பது பாவமென்று பத்துக் கட்டளையில் எங்கும் இல்லை. வரிசையாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இல்லை.

வெயில் சாய்ந்ததும், வேதாகம வேஷம் கட்டின தாவீதுகளும் எஸ்தர்களும் பை தூக்கிக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். ரிப்பனோடு பாஸ்டரும் வந்து நின்றார். கோல்பி கயிற்றை இழுத்தான், எலும்புகள் கூடின, பிள்ளைகள் வீறிட்டார்கள். “காத்தே, வா!” என்று கத்தி, தோட்டத்தில் சருகு ஊதித் தள்ளும் இயந்திரத்தை முடுக்கினான். சருகு பறந்தது. வெர்லின் அசையவில்லை.

“காத்தே... வா!” இரண்டாம் முறை குரல் உடைந்தது. குனிந்து, “பிரதர், இப்பதான்,” என்று கெஞ்சினான்.

விலா எலும்புகளின் இடுக்கு வழியாக வெர்லினுக்குத் தன் மீன் தெரிந்தது. ஆவென்று வாய் பிளந்து நின்றது, எதிரே ஒரு பிள்ளைகூட இல்லாமல். பசை காயாத பல் ஒன்று கீழே தொங்கியது.

“செத்துட்டாரா?” என்றான் ஒரு குட்டி தாவீது.

“போடா. அது எங்கப்பா,” என்றாள் டெஸ்ஸா. காகிதக் கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “இப்பப் பாருங்க, எப்படி எந்திரிப்பாருன்னு. எங்கப்பாதான் இதுலயே பெஸ்ட்டு.”

செத்ததுபோலவே கிடக்க வெர்லின் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. கோல்பி மூன்றாம் முறை இயந்திரத்தை முடுக்கினான். சருகுகளுக்கு நடுவே, டீக்கனின் நெஞ்சின்மேல் கிடந்த ஒற்றை எலும்பு மட்டும் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.