மூக்கில் சீவிய பதினெட்டு மில்லிமீட்டர்

இத்தாலியில், தூரின் நகரத்துக் கார்ப் பட்டறைகளில் பாதிக் காரைத்தான் செய்வார்கள். மீதிப் பாதியைக் கண்ணாடி செய்துகொள்ளும்.

முழு அளவில் ஒரு காரை பிளாஸ்டரில் செதுக்கி எடுக்க ஆறு பேருக்கு இரண்டு மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கப்போகிறது, எதற்கு இரண்டு தடவை முதுகை ஒடித்துக்கொள்வது என்று இடது பாதியை மட்டும் செய்வார்கள். நடுவில் சுவர்போலத் தட்டையாக நிற்கும் முகத்தில் ஆளுயரக் கண்ணாடிகள் மூன்றை வரிசையாகச் சாத்திவிட்டால் முழுக் கார் தெரியும். பாதி கார், பாதி பிம்பம். பார்க்க வருகிறவருக்கு எது எதுவென்று தெரியும், தெரிந்தும் மயங்குவார். அதற்காகத்தானே கடை.

கல்லேசியோ பட்டறையில் பார்வை நேரம் சனிக்கிழமை காலை பத்து மணி. முதலாளி கல்லேசியோ காப்பி குடித்துவிட்டு வருவார். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட பெருக்கல் குறிமேல் நிற்பார். அந்த நேரத்தில் இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஏதாவது சொல்வார். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்; தலையிலிருக்கும் தொப்பியை எடுத்து மாடலின் பானெட்மேல் வைப்பார். தொப்பி ஏறிய மாடலில் அதன்பிறகு மயிரிழை மாற்றவும் யாருக்கும் உரிமையில்லை. அவருக்கே இல்லை.

மாடல் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் ஒரெஸ்தே பெய்ரானோ. வயது முப்பத்தெட்டு. அவன் அப்பா போர்த்தா பலாஸ்ஸோ சந்தையில் துணி விற்றவர். பூச்சி அரித்த பக்கம் உள்ளே போகும்படி மடிப்பதில் அவருக்கு இணை அந்தச் சந்தையில் கிடையாது. மகனுக்குச் சொத்தென்று விட்டுப்போனது அந்தக் கைவாகு ஒன்றுதான்.

1968 இலையுதிர்காலக் கார் கண்காட்சிக்காக ஒரு வண்டி. விற்பதற்கல்ல, ஊர் வாயைப் பிளப்பதற்கு. எஞ்சின், ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால். உயரம் ஒரு மீட்டரைவிட நாலு விரல் அதிகம். எல்லாம் நன்றாக வந்தது, மூக்கைத் தவிர.

"பெய்ரானோ, இது காரா, கன்னுக்குட்டியா?" என்றார் முதலாளி முதல் சனிக்கிழமை. "மூக்கப் பாத்தா வைக்கோல் கேக்கும் போலருக்கே."

இரண்டாவது சனிக்கிழமை: "கன்னுக்குட்டி வளருது. நல்ல தீனி போடறே."

மூக்கைச் சிறிதாக்க முடியாததற்குக் காரணம், உள்ளே உட்காரவேண்டிய ரேடியேட்டர். ஒரெஸ்தே இன்ஜினியர் தர்தித்தியிடம் போனான். தர்தித்தி வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரேடியேட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். வேணும்னா மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திப் பாரு, சுருங்குதான்னு."

அப்போதே முதலாளியிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்டைல் பிரிவுத் தலைவர் நாற்காலி வருஷக் கடைசியில் காலியாகிறது என்று முதலாளி காற்றில் ஒரு வார்த்தை விட்டிருந்தார். முடியாது என்று வந்து நிற்கிற ஆளுக்கு அந்த நாற்காலி போகாது என்று ஒரெஸ்தே நினைத்தான்.

ஜூனில், மூன்றாவது பார்வைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவன் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் நகர்த்தினான். மூக்கின் வெளிப்பக்கத்தைத் தொடவேயில்லை. கண்ணாடி சாய்ந்திருக்கும் உள்முகத்தைச் சீவினான். முன்சக்கரத்துக்கு அருகே ஒன்றுமில்லை. போகப்போக ஆழம் கூடி, மூக்கு நுனியில் பதினெட்டு மில்லிமீட்டர். நீளமான ஆப்பு ஒன்றை உருவியெடுத்த மாதிரி. பிறகு கண்ணாடியை அந்தச் சீவிய முகத்தோடு ஒட்டிச் சாய்த்துவைத்தான். கண்ணாடி தன் பங்குக்குப் பதினெட்டைக் கழித்துக்கொண்டது. மூக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் மெலிந்தது.

சனிக்கிழமை முதலாளி வெகுநேரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

திங்கள் காலை, அளவெடுக்கிறவர்கள் வருவதற்குமுன், சீவிய இடத்தில் புது பிளாஸ்டரைப் பூசி ஒரெஸ்தே பழையபடி நிரப்பிவிட்டான். எடுத்ததைத் திரும்ப வைத்தாயிற்று, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவனுக்குத் தோன்றியது. முதலாளிக்கு மெலிந்த மூக்கு, தர்தித்திக்கு அகன்ற மூக்கு. தகட்டில் அடித்து வெள்ளி நிறம் பூசிவிட்டால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும். முப்பத்தாறு மில்லிமீட்டர் யார் கண்ணில் படும்?

முதலாளி கண்ணில் பட்டது. அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை, பெயின்ட் பூசுவதற்கு முன்பே.

கார் வெறும் அலுமினியத்தில் நின்றது. மாடலின் வளைவுகளை ஒட்டு மரத்தில் வெட்டி அச்சுப் பலகைகள் செய்து, அவற்றை வைத்து மரக்கூடு கட்டி, அந்தக் கூட்டின்மேல் பொருத்திப் பொருத்தித் தகட்டை அடித்தெடுத்தவர் செகோந்தோ பருவேரோ. ஐம்பத்தெட்டு வயது. மணல்மூட்டையில் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார், மறுபடி தட்டுவார். பட்டறையில் முதலாளி 'நீங்க' என்றும், ஊர் வழக்கப்படி 'மோன்சூ' என்றும் மரியாதை போட்டுப் பேசுகிற ஒரே தொழிலாளி.

முதலாளி காரைச் சுற்றி வந்தார். மூக்குக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் விரித்து அளந்தார்.

"இது நான் தொப்பி வச்ச மூக்கு இல்ல. யாரு இதுக்கு இவ்வளவு பாஸ்தா போட்டது?"

தர்தித்தி தொண்டையைக் கனைத்தார். "மரக்கூடு சரியாத்தான் இருக்கும், முதலாளி. தகடு அடிக்க அடிக்க விரியும். கொஞ்சம் கை கூடுதலாப் போனா..."

எல்லாத் தலைகளும் பருவேரோ பக்கம் திரும்பின. ஒரெஸ்தே ஓரடி பின்னால் நகர்ந்தான். இப்போது கிழவர் சுத்தியை வீசுவார், 'கொண்டா அந்த அச்சுப் பலகைய' என்று கத்துவார், பலகை வரும், தகட்டில் கச்சிதமாக உட்காரும், பிறகு எல்லோரும் தன் பக்கம் திரும்புவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் தகட்டில் ஒரு பள்ளம் என்று சொன்ன வாடிக்கைக்காரரை வாசல்வரை துரத்தியவர் அவர்.

பருவேரோ மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார்.

"இருக்கலாம், முதலாளி."

முதலாளிக்கே அது சங்கடமாகிவிட்டது. "நீங்க கொஞ்ச நாள் ஸ்டோரப் பாத்துக்குங்க, மோன்சூ பருவேரோ. அங்க பொறுப்பான ஆள் இல்ல." பிறகு ஒரெஸ்தேயிடம், "கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருக்கு. மூக்க வெட்டிட்டுப் புதுசா அடிக்கணும். பக்கத்து ஊர் மொன்காலியேரில நல்ல கை ஒண்ணு இருக்காமே. புதன்கிழமை பத்து மணிக்கு அவன் இங்க நிக்கணும்" என்றார்.

ஒரெஸ்தே போன் செய்தான். அந்தப் பக்கத்து ஆள் கேட்டான்: "பருவேரோ இருக்கற எடத்துல நான் எதுக்கு? செத்துட்டாரா?"

"இல்ல. ஸ்டோர்ல இருக்கார்."

"அது அதவிட மோசம்" என்று சொல்லிவிட்டு அவன் வர ஒத்துக்கொண்டான்.

செவ்வாய் மத்தியானம் பருவேரோ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மாடல் பிரிவுக்கு வந்தார். அவர் அங்கே வந்து சாப்பிட்டதேயில்லை. ஒரெஸ்தேக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, வெங்காயம் போட்ட ஆம்லெட்டை இரண்டாகக் கிழித்தார்.

"தம்பி, ஒரு விஷயம். உன் காதோட இருக்கட்டும்."

"சொல்லுங்க, மோன்சூ."

"எனக்கு இடது கண்ணு சரியில்ல. ரெண்டு வருஷமாச்சு. காப்பியில பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். கைதானே வேலை செய்யுது, கண்ணுக்கு என்ன வேலைன்னு இருந்துட்டேன். கை பாத்துக்கும்னு நெனச்சேன்." ஒரு குச்சி ரொட்டியை ஒடித்தார். "பாத்துக்கல."

"மோன்சூ, அது வந்து..."

"ஆறுதல் சொல்லாத. ஜூன்ல நான் ஓரமா நின்னு பாத்தேன், அந்த மூக்க. கத்தி மாதிரி இருந்துச்சு. உன் வாழ்க்கைலயே அதுதான் நல்ல மூக்கு. அதப் போயி நான் கெடுத்துட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலேன்னா எனக்குச் சாப்பாடு எறங்காது."

ஆம்லெட்டின் பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளினார். ஒரெஸ்தே அதைத் தின்றான். தின்னாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்லவேண்டும். அதனால் கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினான்.

அன்று முழுக்க அவன் தன்னோடு தானே பேரம் பேசினான். ஸ்டோரில் சம்பளம் குறையப்போவதில்லை. கண் மங்கியது நிஜந்தானே, அதை நானா மங்கவைத்தேன்? இன்றில்லாவிட்டால் அடுத்த வருஷம் ஒரு தகட்டை நிஜமாகவே கெடுத்து இதைவிட அவமானப்பட்டுப் போவார். நான் வாயைத் திறந்தால் நாற்காலி போகும். அவருக்குப் பெரிதாக என்ன வரும்? எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சந்தையில் வளர்ந்தவன். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் எந்த விலையும் படிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். மோசமான சரக்கு, நல்ல மடிப்பு.

புதன்கிழமை பத்து மணிக்கு மொன்காலியேரி ஆள் தன் சுத்திப் பையோடு வந்து நின்றான். முதலாளியும் தர்தித்தியும் காரருகே இருந்தார்கள். ஒரெஸ்தே ஆணியிலிருந்து முதல் எண் அச்சுப் பலகையை எடுத்துவந்தான். மூக்கின் குறுக்கே வைத்தான்.

பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே சிகரெட் தாள்கூட நுழையாது.

முதலாளி குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் விளிம்பைத் தட்டினார். இரண்டாம் எண் பலகையைக் கேட்டார். அதுவும் உட்கார்ந்தது.

"அப்போ ஜூன்ல நான் எதுக்குத் தொப்பி வச்சேன்?"

"கண்ணாடிக்கு, முதலாளி" என்றான் ஒரெஸ்தே. சீவியது, சாய்த்தது, நிரப்பியது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவன் காதுக்கே சின்னப்பயல் வேலையாகக் கேட்டது.

தர்தித்தி மெல்லச் சீழ்க்கையடித்தார். மொன்காலியேரி ஆள் பையின் வாரை இறுக்கிக்கொண்டு, இது தன் குடும்ப விஷயம் இல்லை என்கிற மாதிரி கூரையைப் பார்த்தான்.

"எதுக்குடா?" என்றார் முதலாளி. கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது.

"ரேடியேட்டர் இடிச்சுது."

முதலாளி தர்தித்தியைப் பார்த்தார். "ரேடியேட்டரப் பின்னாடி போட முடியாதா?"

"ரெண்டாப் பிரிச்சு எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் போடலாம். ஜூன்ல யாராவது கேட்டிருந்தா அப்பவே போட்டிருப்பேன்."

"இந்தக் கார் மேடை மேல ஏறப் போகுது, எறங்கப் போகுது. மிலானுக்கா ஓட்டிட்டுப் போறோம்? கண்காட்சி முடியறவரைக்கும் ரேடியேட்டரே வேண்டாம்." முதலாளி ஒரெஸ்தேயிடம் திரும்பினார். "இனிமே நீ செய்யற மாடல் ரெண்டு பக்கமும் பிளாஸ்டர்ல. கண்ணாடி பக்கம் நீ போகக் கூடாது."

நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலே அது போன இடம் எல்லோருக்கும் தெரிந்தது.

பருவேரோவை ஸ்டோரிலிருந்து அழைத்துவந்தார்கள். முதலாளியே விஷயத்தைச் சொன்னார். பிறகு கேட்டார்: "பலகைய வச்சுப் பாக்கச் சொல்லியிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும். நீங்க ஏன் 'இருக்கலாம்'னீங்க?"

ஒரெஸ்தே தரையைப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் யோசிக்கவேயில்லை. தான் உண்மையைச் சொன்னால் கிழவர் மறைத்ததும் இழுபட்டு வெளியே வரும் என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை.

பருவேரோ இடது கண்ணருகே விரலை வைத்தார். "இடது கண்ணு மங்கலா இருக்கு, முதலாளி. ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷத்துல எத்தனை கார் அடிச்சீங்க?"

"அஞ்சு."

"அதுல எதையாவது நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"இல்ல."

"கண்காட்சி முடிஞ்சதும் டாக்டரப் பாருங்க. மூக்க இன்னிக்கே வெட்டணும்." முதலாளி மொன்காலியேரி ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரெஸ்தேக்கு உடம்பு லேசானது. போனது நாற்காலிதானே, போகட்டும். கிழவருக்குச் சுத்தி திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தத் தெம்பில் அவரருகே போனான். பருவேரோ தகட்டில் வெட்டுக்கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"மோன்சூ, நேத்தே சொல்லியிருக்கணும். நீங்க மன்னிப்புக் கேட்டப்பவே..."

"ஆம்லெட் நல்லாருந்துச்சா?"



பருவேரோ கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார். "திங்கக்கிழமை வீட்டுக்குப் போயி என் வீட்டுக்காரி செலெஸ்தினாகிட்ட சொன்னேன், இனிமே என்னால முடியாது போலருக்குன்னு. முப்பத்தோரு வருஷமா நான் எதச் சொன்னாலும் எதுத்துப் பேசறவ. மழை பெய்யுதுன்னா வெளிய போயிப் பாத்துட்டு வந்து இல்லம்பா. அன்னிக்கு ஒண்ணுமே எதுக்கல. 'சரி'ன்னா. 'எனக்கு முன்னாடியே தெரியும், நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்'னா."

"நான் வேணா வந்து அவங்ககிட்ட..."

"வந்து? நான்தான் களவாணி, உங்க வீட்டுக்காரர் நல்லவர்னு சொல்லுவியா? சொன்னா அவளும் தலையாட்டுவா, உனக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊத்துவா. எனக்கு முடியாமப் போச்சுன்னு அவ எப்பவோ முடிவு கட்டிட்டா, தம்பி. அது எனக்குத் தெரியாம இருந்துச்சு. தெரியாம இருந்தவரைக்கும் முடிஞ்சுது."

  

"விளக்க எடு" என்றார் பருவேரோ.

எடுத்தான்.

"இடது பக்கம் பிடி. அந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியாது. இப்போதான் பட்டறைக்கே தெரியுமே, மறைக்க என்ன இருக்கு."

அவர் குனிந்து வெட்ட ஆரம்பித்தார். ஒரெஸ்தே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால்மணி நேரத்தில் தோள் வலித்தது. மற்ற கைக்கு மாற்றலாமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.