பின்பக்கத்துப் பள்ளம்

அக்கா, போன வாரம் வீடியோவில் என் மேசையைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, அந்த நீலக் காருக்கு இவ்வளவு அழகா பெயிண்ட் அடிச்சிட்டு, பின்னாடி இப்படி நசுங்கிக் கிடக்கு?" என்று கேட்டாய். கீழே விழுந்துவிட்டது என்றேன். அது பொய். இந்த வருஷம் நான் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதைச் சொன்னால்தான் இந்தக் கார் என்னவென்று உனக்குப் புரியும்.

ஜப்பானில், இந்த ஷிசுவோகா ஊரில், எங்கள் கடையில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் பொம்மைக் கார் செய்கிற மாடல் கிட் விற்பதோடு, பாதியில் நின்றுபோனதை முடித்தும் கொடுப்போம். இந்த ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அப்படி ஒரு பெட்டி கிடக்கும். ஜூன் மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, சுகியாமா சான் ஒரு பெட்டியைத் துணியில் கட்டி எடுத்துவந்தார். சான் என்பது இங்கே பேரோடு சேர்க்கிற மரியாதை. எழுபத்தெட்டு வயது, தேயிலைத் தோட்டக்காரர். ஹாருயோ அவர் மனைவி.

"ஹாருயோ பண்ணிட்டிருந்தது. வர்ற மாசம் அவளுக்கு முதல் வருஷத் திதி. படத்துக்கு முன்னாடி வெக்கணும். நான் பெட்டியத் திறக்கலை. முடிச்சப்புறம்தான் பாக்கணும்னு சொல்லியிருந்தா."

முதலாளியம்மா மோச்சிசுகி சான் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஹாருயோ அக்கா கைவேலையா? அந்தம்மா செஞ்சதை நாங்க முடிக்கிறதுக்கு எங்களுக்குக் கூச்சமா இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "பரிதி, நீ பண்ணு. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டிடு. நீ பாட்டுக்கு அடிச்சிடாதே."

உள்ளே இருந்தது சுபாரு 360. அந்தக் காலத்துக் குட்டிக் கார். இங்கே எல்லாரும் பொறிவண்டு என்றுதான் சொல்வார்கள். சீட்டு, ஸ்டியரிங், மிதி எல்லாம் அந்தம்மா முடித்திருந்தார். சீட்டு உறையில் மயிரிழை போலத் தையல்கூட வரைந்திருந்தார். வெளிக்கூடு மட்டும் பெயிண்ட் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது.

அந்த மாசம்தான் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியது. அது கிடைக்காவிட்டால் விசா இல்லை. அந்தக் கவலையில் ஒரு மாதமாக எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் காரைப் பார்த்து முதலாளியம்மா வாயடைத்துப் போகவேண்டும் என்று நினைத்தேன்.

பழைய கிட்டில், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது அங்கங்கே உள்வாங்கிவிடும். விரலால் தடவினால் தெரியும். அதைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவதுதான் முதல் வேலை. நானோ நாமக்கல்லில் மாமாவின் டிங்கரிங் பட்டறையில் நாலு வருஷம் நின்றவன். பள்ளம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் என் கை சும்மா இருக்காது.

ஐந்து இடத்தில் இருந்தது. முன்பக்கம் இரண்டு, கதவில் ஒன்று, கூரையில் ஒன்று. கடைசியாகப் பின்பக்கம், வலது விளக்குக்குக் கீழே. அது மற்றவற்றைவிட ஆழம். உள்பக்கம் புடைப்பும் இருந்தது. அதனால் சீட்டுப் பகுதி சரியாக உட்காரவில்லை. அரத்தை எடுத்துப் புடைப்பைத் தேய்த்தேன். வெளியே பட்டி வைத்தேன்.

தானாக விழுகிற பள்ளத்துக்கு உள்ளே புடைப்பு வராது. யாராவது சூடுபண்ணி அமுக்கினால்தான் வரும். அது எனக்குத் தெரியும் அக்கா. தேய்க்கும்போது மனசுக்குள் ஒரு நொடி உறுத்தவும் செய்தது. ஆனால் கை நிற்கவில்லை.

முதலாளியம்மாவிடம் காட்டவும் இல்லை. மழை விட்ட ஒரு மதியம், ஈரம் குறைந்திருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று வெளிர்நீலத்தை அடித்துவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தவர், "சொன்னதைக் கேக்கவே மாட்டியா நீ?" என்று திட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "ஆனா நல்லா வந்திருக்குடா." அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

சுகியாமா சான் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தார். கவுண்டரில் காரை வைத்தேன். முன்பக்கம் குனிந்து பார்த்தார். ஒற்றை விரலால் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"எங்க?" என்றார்.

"என்னதுங்க ஐயா?"

"பள்ளம்."

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் அதில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"கல்யாணமான மறு வருஷம் இதே மாதிரி நிஜக் கார் எங்ககிட்ட இருந்துச்சு. ஒருநாள் ராத்திரி விருந்துல நல்லாக் குடிச்சிட்டு ஓட்டிட்டு வந்தேன். காலையில அவ சந்தைக்கு எடுத்துட்டுப் போனா. சாயங்காலம் பாத்தா வண்டி நசுங்கியிருக்கு. நீதான்னு கத்தினேன். நீங்கதான்னு அவ. அக்கம்பக்கமெல்லாம் கேக்குற மாதிரி கத்தினேன். அவ சாவியை ஆணியில மாட்டினவ, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எந்த வண்டியையும் தொடலை."

"அட, அதான் எப்பவும் பஸ்ஸுல வருவாங்களா!" என்றார் முதலாளியம்மா.

"முன்னாடி நசுங்கியிருந்தா நான். கல்லுச் சுவர்ல இடிச்சிருப்பேன். பின்னாடின்னா அவ. கொட்டகைத் தூண்ல ரிவர்ஸ் எடுத்திருப்பா. அன்னிக்குக் கத்தின கோபம் அப்படியே ஞாபகம் இருக்கு. பள்ளம் எங்க இருந்துச்சுன்னு மட்டும் மறந்துபோச்சு. ஆஸ்பத்திரியில கேட்டேன். 'கார்ல செஞ்சு வெச்சிருக்கேன், முடிஞ்சதும் பாத்துக்கோங்க'ன்னு சிரிச்சா. ஒரு வருஷமா அந்தப் பெட்டியைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "பரிதி, நீ எடுக்கும்போது ஏதாச்சும் இருந்துச்சா?"

பின்பக்கம், வலது விளக்குக்குக் கீழே. வாயைத் திறந்தால் அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் ஒப்பந்தத் தாள் முதலாளியம்மாவின் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"இல்லைங்க," என்றேன். "எதுவும் இல்லை."

பெரியவர் தலையை ஆட்டினார். "அப்ப நான்தான். அவளா இருந்தா செஞ்சு வெச்சிருப்பா, தன் தப்பை மறைக்கிற ஆளில்லை. என் தப்புங்கறதால செய்யாம விட்டுட்டா. போனாப் போகுதுன்னு."

எழுந்து நின்றார். காருக்கு முன்னால் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பு வரை குனிந்தார்.

"ஐம்பத்திரண்டு வருஷம். மன்னிச்சுக்கோ."

அவர் செய்யாத தப்பு அக்கா. செய்யவில்லை என்று அந்தக் கடையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் காரைப் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

ஒப்பந்தம் மறுநாளே கையெழுத்தானது. சாப்பாடு திரும்பவும் இறங்காமல் போனது. அதே கிட்டை இன்னொன்று வாங்கினேன். ஸ்பூனைச் சூடாக்கி, பின்பக்கம் வலது விளக்குக்குக் கீழே அதே ஆழத்தில் அமுக்கினேன். அதே நீலம் அடித்தேன். முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்த்தவர், "வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு நினைச்சியா? முட்டாப் பயலே. போ, முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லு," என்றார்.

அவர் வீட்டுக்கு நான் போனபோது திதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. முதலில் நான் முடித்துக் கொடுத்த கார் ஹாருயோ சான் படத்துக்கு முன்னால், பழத்தட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றது. தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டி வைத்தது, புடைப்பைத் தேய்த்தது, பயந்து பொய் சொன்னது. நசுங்கிய காரை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பள்ளத்தை விரலால் தடவினார். எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"நீ நல்ல பையன்டா தம்பி. நான் அன்னிக்குக் குனிஞ்சு நின்னதைப் பாத்துட்டு உனக்கு மனசு கேக்கலை. அதான் இதைச் செஞ்சுட்டு வந்திருக்க."

"ஐயா, நிஜமா. பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. அடியில பட்டி இருக்கும்."

"எத்தனை இடத்துல பட்டி வெச்ச?"

"அஞ்சு இடம்."

"முன்னாடியும் வெச்சியா?"

"...வெச்சேங்க."

"அப்புறம் என்ன? சுரண்டினா முன்னாடியும் பட்டி, பின்னாடியும் பட்டி," என்று சிரித்தார். "ஹாருயோவும் இப்படித்தான். எனக்கு உடம்பு முடியாதப்போ, 'அந்தக் காரை நான்தான் இடிச்சேன், போதுமா'ம்பா. உடம்பு தேறினதும் 'நீங்கதான்'ம்பா. எதை நம்பறது? இந்தா, இதை நீயே வெச்சுக்கோ. அவகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. இனி அதைத் திருப்பி வாங்க முடியாது."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். மழை தூறியது. குடையைக் கையில் திணித்தார். நான் காரைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கொட்டகை வழியில்தான் இருந்தது. மூலைத் தூணில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, மரம் பிளந்து ஒரு பழைய தழும்பு தெரிந்தது. அது கார் பட்டதா, வேறு எதுவாவது பட்டதா, எனக்கு எப்படித் தெரியும்? நின்று பார்த்தேன். திரும்பிப் போய் அவரைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.