தொண்ணூற்று நான்கில் டிக்ளேர்

மூவாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். கிடங்கு அணியின் கேப்டன் தன் அக்கா புருஷனுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. மகளின் பல்வலிக்கு வைத்தியம் பார்க்க வாங்கியது, ஏழு மாதமாக இழுக்கிறது. அந்த அக்கா புருஷன்தான் இப்போது லாரி ஆபீஸ் அணியின் விக்கெட் கீப்பராக அவன் முதுகுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

டெஸ்ட் ஆட்டம் போலவே ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், நான்கு நாள். இன்று கடைசி நாள். காலையிலிருந்து கீப்பரின் வாய் ஓயவில்லை. மாப்பிள்ளைக்கு பேட்டைத் தூக்கத் தெம்பிருக்கிறது, பாக்கியைத் தூக்கிக் கொடுக்கத்தான் தெம்பில்லை என்றார். இவன் ரன்னைக்கூடத் தவணையில்தான் எடுப்பான் என்று ஸ்லிப்பில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தார். கேப்டனுக்குக் காது சுட்டது. அந்தச் சூட்டிலேயே, லாரிக்குள் மூட்டையை எறிகிற மாதிரி பந்தை எல்லைக்கோட்டுக்கு விளாசினான். தொண்ணூற்று நான்கு.

சதம் அடிப்பவருக்கு நாலாயிரம் என்று கிடங்கு முதலாளி சொல்லியிருந்தார். இன்னும் ஆறே ரன். பாக்கியைத் தீர்த்தாலும் இருநூற்று நாற்பது கையில் நிற்கும்.

அப்போதுதான் கீப்பரின் குரல் வெல்லமாயிற்று.

"அவசரப்படாத மாப்ள. ஒவ்வொண்ணா எடு. நூறு அடிக்காம உன்னை யாரு போகச் சொல்றா?"

கேப்டன் சுற்றிலும் பார்த்தான். ஃபீல்டர்கள் எல்லைக்கோட்டருகே சாவகாசமாக நின்றிருந்தார்கள். பந்து போடுகிறவன் மூன்றாவது முறையாக ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். இருநூற்று முப்பத்தொரு ரன் முன்னிலை. இப்போதே நிறுத்தினால் அவர்களுக்கு நாற்பது ஓவர் போடலாம். இந்த ஆறு ரன்னுக்கே ஆறு ஓவர் தின்று தீர்ப்பார்கள், ஆட்டம் டிராவில் முடியும். காலையில் ஏசிய வாய் இப்போது தாலாட்டுவது எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஓவர் முடிந்ததும் நேராக அம்பயரிடம் போய் டிக்ளேர் என்றான்.

எதிர்முனையில் நின்ற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஓடி வந்தான். "அண்ணே, ஆறு ரன்னுதான்ணே."

"தெரியும். வா."

கூடாரத்தில் அவன் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதென்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்த சிமெண்ட் மூட்டைக்காரன் ஸ்கோர் பலகையை ஒருமுறை பார்த்தான். புதுப் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். முதல் ஓவரிலேயே ஸ்டம்ப் பறந்தது. குனியவே சோம்பல்படுகிற ஸ்டோர்கீப்பர், வயிறு தரையில் உரசப் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தான். விழுந்த இடத்திலிருந்து அவனைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாலு, ஆறு, எட்டு என்று விக்கெட்டுகள் சரிந்தன. மூன்று ஓவர் மிச்சமிருக்கையில் ஒன்பது.

கீப்பர் மட்டும் அசையவில்லை. பத்து ஓவராகப் பந்துக்கு முன்னால் பேட்டை இறகு மாதிரி வைத்து வைத்துச் சாகடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளுக்கு ஒரு பந்துகூட விடாமல் ஓவருக்கு ஓவர் தானே முன்னால் வந்து நின்றார்.

கேப்டன் சில்லி பாயிண்ட்டில், அவர் மூச்சு கேட்கும் தூரத்தில் குனிந்தான்.

"மச்சான், கடைசி வரைக்கும் நீங்க நின்னுட்டா இரட்டிப்பாத் தர்றேன். ஏழாயிரத்து ஐநூத்தி இருபது. அவுட்டானீங்கன்னா பாக்கியே கிடையாது."

"பேச்சு மாற மாட்டியே?"

"அக்கா மேல சத்தியம்."

கீப்பர் ஒரு பந்து வரைக்கும் யோசித்தார். அதையும் தடுத்துவிட்டு, "சரிடா," என்றார்.

சொன்ன பிறகுதான் கேப்டன் கணக்குப் போட்டான். தோற்றால் ராத்திரியும் மூட்டை தூக்கினால்கூட அடைபடாது. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கைகளை. இவ்வளவு நேரம் தளர்ந்திருந்த விரல்கள் இப்போது பேட் பிடியைக் கவ்வியிருந்தன. கையை இறுக்கிப் பிடித்தால் பந்து காலடியில் விழாது, துள்ளும்.

ஒரு பந்து துள்ளி, அவன் விரலுக்கு முன்னால் விழுந்தது. இன்னொன்று தலைக்கு மேல் போயிற்று. கடைசி ஓவர். சுழற்பந்து போடும் கணக்குப்பிள்ளையிடம் இன்னும் மெதுவாகப் போடும்படி கண்ணைக் காட்டினான். நான்காவது பந்து தயங்கித் தயங்கி வந்து திரும்பியது. கீப்பர் அதை மட்டையால் அமுக்கினார். பந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. கேப்டன் முன்னால் விழுந்தான். இடது கையில் பந்து, வாய் நிறைய மண்.

எல்லாரும் அவன் மேல் வந்து விழுந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து அவனை இழுத்தெடுத்து நிறுத்தியது கீப்பர்தான்.

"மூவாயிரத்து எழுநூத்தி அறுபது," என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "போச்சு, விட்டுட்டேன். ஆனா உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது."