அவள் ஓட்டினால் மட்டும் தும்மும் கார்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையிலிருந்து இரண்டு கார்புரேட்டரையும் இரண்டு தடவை கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட் துளைகளை ஊதி, ப்ளக் நான்கையும் மாற்றியவனிடம் வந்து, "எஞ்சின் இன்னும் மிஸ் ஆகுதுங்க" என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? சொன்னது என் மனைவி. இரண்டு மணிக்கு மலைப்பாதைப் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டப்போகிறவளும் அவள்தான். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த இடம்.

நான் ஏறி ஒரு சுற்று ஓட்டினேன். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவள் ஓட்டினாள், மேட்டில் நாலு தும்மல், ஒரு திணறல். மறுபடி நான், ஒன்றுமில்லை. மறுபடி அவள், தும்மல்.

"கோளாறு வண்டியில இல்லம்மா, உன் கால்ல! ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் தெரியல!" என்று கத்தினேன். பக்கத்து மெக்கானிக்குகள் சிரித்தார்கள். வண்டி தள்ள வந்திருந்த அவள் தம்பி, என் மச்சான், சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் சண்டைகூடப் போடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள்.

"அப்ப நான் ஓட்டல. பேரை அடிச்சிடச் சொல்லிடுங்க."

மணி ஒன்றேகால்.

"இரு, ஒரே ஒரு சுற்று" என்று அவசரத்தில் அப்படியே உள்ளே தாவினேன். அவள் குள்ளம், நான் நெட்டை. ஏறியதும் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்வது வழக்கம். இந்தத் தடவை மறந்துவிட்டேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க மேட்டில் ஏற்றினேன். கார் தும்மியது. அட!

சீட்டைப் பின்னால் தள்ளினேன். தும்மல் போயே போச்சு. முன்னால் இழுத்தேன், வந்துவிட்டது.

திரும்பி வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினை அவசரத்துக்கு அணைக்கும் ஸ்விட்சின் ஒயர் அடியில் ஓடியது. அது வண்டியின் தகரத்தில் பட்டாலே எஞ்சின் அணையும், அதன் வேலையே அதுதான். சீட் முன்னால் வந்தால் ஒயரை நசுக்கும். குலுங்கும்போதெல்லாம் தோலுரிந்த செம்பு தகரத்தைத் தொடும். போன வாரம் அந்த வழியாக ஒயர் இழுத்த மகானுபாவன் யார் என்கிறீர்களா? நானேதான்.

ஒயரை வேறு பக்கம் திருப்பி டேப் சுற்றினேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்னவாம்?"

"ஒயரு" என்றேன், மெல்ல.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"கத்துறப்ப ஊருக்கே கேட்டுச்சு. இப்ப மட்டும் தொண்டை கட்டிக்கிச்சா?"

நியாயம்தானே? பெஞ்சில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஒயரைத் தப்பாப் போட்டவன் நான். என் பொண்டாட்டி கால்ல ஒரு குறையும் இல்ல!"

விசில் பறந்தது. மானம் போனதுதான். ஆனாலும் அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

சரியாக இரண்டு மணிக்குக் கொடி அசைந்தது. முதல் வளைவில் கார் மறைந்தது. சத்தம் மட்டும், ஒரு தும்மல்கூட இல்லாமல், மேலே ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. மச்சான் என் தோளைத் தட்டி, "மாமா, அக்கா இன்னைக்கு..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"வாயை மூடுடா" என்றேன். "என் பொண்டாட்டி போறா, கேக்க விடு."