இரண்டில் எரிந்த விளக்கு

விளாங்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிப்பவன் தங்கப்பாண்டி. மேசையில் மூன்று கம்ப்யூட்டர்கள், இடம் இருந்ததோ ஒரு கீபோர்டுக்குத்தான். அதை எந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமோ அதற்கு மாற்றிவிடும் ஸ்விட்ச் பெட்டியை, ஆன்லைனில் மலிவாகப் பார்த்து வாங்கியவனும் அவன்தான்.

அன்று காலை முதல் கம்ப்யூட்டரில் மாயக்காளின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் தயார். என்டரைத் தட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டாக்டரம்மா வேறொருவரின் குறிப்பை அவசரமென்று நீட்டினார். தங்கப்பாண்டி இரண்டாம் பொத்தானை அழுத்தினான். விளக்கு இரண்டில் எரிந்தது. தாளைப் பார்த்தபடியே மளமளவென்று அடித்து, என்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

இரண்டாம் திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. முதல் திரையில் மாயக்காளின் பெயருக்குக் கீழே, கல்லீரலில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம் என்ற வரி. ரிப்போர்ட் அவள் போனுக்குப் போய்விட்டிருந்தது.

வெளியே அலறல் கேட்டது.

ஓடினான். மாயக்காள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். அவள் மகள் பாண்டிச்செல்வி போனும் கையுமாக அலறிக்கொண்டிருந்தாள்.

“அது உங்களோடது இல்லம்மா! மாறி வந்துருச்சு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, சத்தியமா!”

“உசுரே போயிருச்சேய்யா…” மாயக்காள் தண்ணீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு காத்திருந்தவர்களைச் சுற்றிலும் பார்த்தாள். “அப்ப அது யாருக்குய்யா?”

ஹாலே அவன் முகத்தைப் பார்த்தது. யாருக்கென்று அவனுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் பக்கம் கண் போய்விடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மதியம் புது ஸ்விட்ச் வாங்க டவுன்ஹால் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், இரண்டு லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு ஸ்விட்சாகச் சோதித்தான். ஒன்று, வயரைப் பிடுங்கிச் செருகியதும் மாற மறுத்தது. இன்னொன்று, மாறியதும் முதல் இரண்டு எழுத்தை விழுங்கியது. மூன்றாவதை அறுபது எழுபது தடவை மாற்றி மாற்றி அழுத்தினான். ஒவ்வொரு தடவையும் விளக்கைப் பார்க்காமல் திரையையே பார்த்தான்.

“கீபோர்டு மாத்துற பெட்டிதானண்ணே, இதுக்கு இம்புட்டுச் சோதனையா?” என்று சிரித்தார் கடைக்காரர் அருள்பாண்டி.

தங்கப்பாண்டி நடந்ததைச் சொன்னான். அவர் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

“அந்தம்மா?”

“வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“அந்த இன்னொருத்தரு?”

“டாக்டரம்மா ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறாரு.”

அருள்பாண்டி மூன்றாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வயரைப் பிடுங்கி, திரும்பச் செருகி, தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.