பூஜை மாடத்தில் ஒரு பதக்கம்

நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் பட்டாளத்துப் பதக்கம் உண்டு, கரியப்பனுக்கு. ஆனால் அது அவர் குடிசையில் இல்லை. பெரிய வீட்டு ராஜப்பனின் பூஜை மாடத்தில் இருந்தது.

பண்ணையாள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், கன்றுக்குட்டியோ முதல் கதிரோ, பெரிய வீட்டு வாசலில் காட்டிவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பர்மா சண்டையிலிருந்து திரும்பிய கரியப்பன் பதக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டினார்.

"இங்கியே கெடக்கட்டும்டா. உன் குடிசையில எலி தூக்கினு போயிடும்" என்றான் ராஜப்பன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பதக்கத்தில் இருந்தது இங்கிலாந்து ராஜாவின் தலை. அவர் நெற்றியில் பத்து வருடக் குங்குமம்.

1949இல் சர்க்கார் கரியப்பனுக்கு ஏரியோரம் மூன்று ஏக்கர் கொடுத்தது. உத்தரவுக் காகிதத்தை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வழக்கப்படி பெரிய வீட்டில் காட்டினார். அதுவும் பதக்கப் பெட்டிக்குள், துணிக்கு அடியில் போனது. நிலத்தில் ராஜப்பன் வேலி போட்டு மாஞ்செடி வைத்தான். கரியப்பன் மூன்று தடவை கேட்டார். "பாக்கலாம், போடா" என்ற பதில்தான் கிடைத்தது. குடிசை நிற்பதே ராஜப்பன் இடத்தில். அதற்கு மேல் எப்படிக் கேட்பார்?

1956 குடியரசு தினத்துக்கு ஓசூரிலிருந்து சப்-கலெக்டர் வந்து வீரரைக் கௌரவிக்கப் போவதாகத் தகவல் வந்தது. ராஜப்பன் அந்த மாந்தோப்பிலேயே பந்தல் போட்டான். மரங்கள் முதல் பூ விட்டிருந்தன, அதிகாரிக்குக் காட்ட வேண்டுமாம். நிலம் யாருடையது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. திருடியதை ஒளித்து வைக்கிற திருடனைக்கூட ஒரு ஆளாக மதிக்கலாம்.

வரவேற்புப் பேச்சை என்னை எழுதச் சொன்னான். "அடக்கம், அடக்கம்னு நல்லா தூக்கி எழுது வாத்தியாரே." எழுதிக் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

மேடையில் இரண்டே நாற்காலி. ஒன்றில் சப்-கலெக்டர், இன்னொன்றில் ராஜப்பன். கரியப்பன் கீழே நின்றார். ராஜப்பன் எழுந்து படித்தான்: "நாற்காலி கொடுத்தாலும் இவன் உட்கார மாட்டான். அப்படிப்பட்ட அடக்கம்!" யாரும் நாற்காலி கொடுக்கவே இல்லை. கூட்டம் கை தட்டியது. எழுதிய நானும் தட்டினேன்.

சப்-கலெக்டர் கரியப்பனை மேலே கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தார். "என்ன இது, சிவப்பா இருக்கு?"

"குங்குமங்க" என்றார் கரியப்பன்.

சப்-கலெக்டர் பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டார். "சண்டையில என்ன செஞ்சீங்க? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

குண்டு மழையில் மூன்று தடவை ஆற்றைக் கடந்து நான்கு பேரைத் தூக்கி வந்தவர் அவர். "கூட இருந்தவங்க செத்துட்டாங்க. நான் சாவல. அவ்ளோதாங்க" என்றார்.

"பாத்தீங்களா சார்!" ராஜப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

ராஜப்பன் முந்திக்கொண்டான். "அவன் எதுவும் கேக்க மாட்டான் சார். அந்த மாதிரி ஆளே இல்ல."

கூட்டத்தின் கடைசியிலிருந்து கரியப்பனின் மனைவி சென்னம்மா கத்தினாள். "வாயில என்னாய்யா கொழுக்கட்டையா? கேளுய்யா!"

கரியப்பன் நிமிர்ந்தார். "கேக்கறன்ங்க."

"சும்னிரோ" என்று கன்னடத்தில் பல்லைக் கடித்தான் ராஜப்பன். சும்மா இருடா என்று அர்த்தம்.

"சண்டையப் பத்தி கேட்டா எனக்குப் பேச வராதுங்க. நெலத்தப் பத்தின்னா பேசுவன். சர்க்காரு எனக்கு மூணு ஏக்கரா குடுத்துச்சு. ஏழு வருசமா கைக்கு வரல."

"எங்க இருக்கு அந்த நிலம்?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, இதாங்க."

மாம்பூவில் வண்டு சுற்றுவது எனக்குக் கேட்டது.

"பொய் சார்! எதுனா காகிதம் இருக்குதா இவங்கிட்ட?" என்று ராஜப்பன் எகிறினான்.

"என்கிட்ட இல்லீங்க. வாத்தியாரு படிச்சாரு" என்றார் கரியப்பன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜப்பனும் பார்த்தான். என் சம்பளம் அவன் கையில் இல்லை, குடியிருக்கும் வீடு அவனுடையது. ஏழு வருடம் வாயை மூடியிருந்ததற்கு அந்த வீடுதான் காரணம். வெட்கமாக இருந்தது.

"பெட்டியில, துணிக்குக் கீழ பாருங்க சார்" என்றேன்.

சப்-கலெக்டர் துணியைத் தூக்கினார். மஞ்சள் கறையோடு மடித்த காகிதம் இருந்தது. திருடியவனே பூஜை போட்டு, கையால் எடுத்து வந்து மேடையில் வைத்திருந்தான். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "உங்க நிலத்துல உக்காந்துட்டேன். நீங்க உக்காருங்க" என்றார்.

கரியப்பன் உட்காரவில்லை. சட்டை நுனியால் பதக்கத்து ராஜாவின் நெற்றியைத் துடைத்தார். காகிதத்தை வாங்கிச் சென்னம்மாவிடம் கொடுத்தார். பண்ணையாட்கள் எஜமானை "ஆண்டே" என்றுதான் கூப்பிட வேண்டும்; முதல் தடவையாக அதைச் சொல்லாமல் ராஜப்பனிடம் பேசினார்.

"பந்தக்காலப் புடுங்கிக்குங்க. ஒழவு ஓட்டணும்."